டேங்குக்கு எம்புட்டு மருந்து?

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் மானாவாரியாக மக்காச்சோளம் போட்டிருக்கும் ஒருவர், கைப்பேசியில் ஏஐ செயலியைத் திறந்து வாய்விட்டுக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “குருத்துல புழு விழுந்திருச்சு, என்ன மருந்து அடிக்க? டேங்குக்கு எம்புட்டு போட?”

2018-ல் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து விருதுநகர் மாவட்டத்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்று தீர்த்த நாளிலிருந்து உரக்கடையில் கேட்டுப் பழகிய கேள்விதான் இது. பதிலும் தெரிந்ததுதான். வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் மருந்துகளில் ஒன்று எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி. லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம். கைத்தெளிப்பான் 10 லிட்டர் என்றால் டேங்குக்கு 4 கிராம். பேட்டரித் தெளிப்பான் 16 லிட்டர் என்றால் 6.4 கிராம். ஆகவே “எத்தனை லிட்டர் டேங்க்?” என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காமல் பதில் சொல்கிற செயலி அரைகுறை. 0.4-ல் புள்ளியைத் தவறவிட்டு லிட்டருக்கு 4 கிராம் என்று சொல்லிவிட்டால் பத்து மடங்கு மருந்து.

இது ஒரு பக்கம். பூச்சிமருந்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1936-ல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் என்ற வேதியியலாளர் புதுப் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தபோது கையில் கிடைத்ததுதான் டாபுன் என்ற நரம்பு நச்சு. போர் ஆயுதமாக அதைப் பெருமளவில் தயாரித்தார்கள். வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளுக்கும் இந்த நச்சுகளுக்கும் வேதியியலில் உறவு நெருக்கம். எனவே அதே செயலியிடம் வேறொருவர், விவசாயியைப் போலவே பேச்சைத் தொடங்கி, கேள்வி மேல் கேள்வியாக அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போக முடியும். பயந்துபோய் மருந்து என்ற பேச்சையே எடுக்காத செயலி திருச்சுழிக்காரருக்கு உதவாது. கேட்டதையெல்லாம் கொட்டிவிடும் செயலி ஊருக்கே ஆகாது. கோடு எங்கே விழுகிறது, உண்மையிலேயே அங்கேதான் விழுகிறதா என்று யார் பார்ப்பது?

செய்த நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்பது ஒரு பதில். சரக்கு விற்பவரே தராசுக்கு முத்திரை குத்திக்கொள்ளும் ஏற்பாடு அது; சந்தையில் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். இந்த இடத்துக்காகத்தான் சில அரசுகள் சொந்தமாக ஆய்வுக் குழு வைக்கத் தொடங்கின. ஆனால் எடையளவு ஆய்வாளருக்கு இருக்கும் அதிகாரம் இந்தக் குழுக்களில் பலவற்றுக்கு இல்லை. பொய்த் தராசை அவர் பறிமுதல் செய்யலாம். இவர்கள் சோதிக்கலாம், எழுதலாம், எச்சரிக்கலாம், அவ்வளவுதான்.

இவர்கள் சோதிப்பது சாதாரண மென்பொருளை அல்ல. பயிர் நோயை மட்டும் கண்டுபிடிக்கும் கருவி என்றால் நூறு இலைப் படங்களைக் காட்டி எத்தனை சரி என்று எண்ணிவிடலாம். தமிழ்நாட்டில் உழவன் செயலிக்கு அந்த மாதிரி வசதி வந்தது. 2020-ல் மாநில அரசு பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு கொள்கையே வெளியிட்டது. அரசுச் சேவையில் ஏஐ-யைப் புகுத்துமுன் மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும் என்றது. இந்திய மாநிலங்களில் அது முந்திய முயற்சி, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இன்றைய பெரிய மொழி மாதிரிகள் அரசு வாங்கி வைத்த கருவிகள் அல்ல. கடல் தாண்டி எங்கோ ஓடுகிற இயந்திரம், கதை எழுதும், கணக்குப் போடும், நிரல் எழுதும், மருந்தும் சொல்லும். அதற்கு என்னென்ன தெரியும் என்பது செய்தவர்களுக்கே முழுதாகத் தெரியாது. சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரிட்டனின் கதை இதில் தெளிவானது. 2023 ஏப்ரலில் அந்நாட்டு அரசு ஏஐ-க்கென ஒரு செயற்குழுவை அறிவித்து, ஜூனில் இயன் ஹோகார்த் என்ற தொழில்நுட்ப முதலீட்டாளரைத் தலைவராக்கியது. தொடக்க நிதி 10 கோடி பவுண்டு. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 1,000 கோடி ரூபாய். தான் வந்து சேர்ந்தபோது அந்த அரசுத் துறையில் உச்சநிலை ஏஐ தெரிந்த முழுநேர ஆய்வாளர் ஒரே ஒருவர்தான், அவருக்கும் அனுபவம் மூன்றாண்டு என்று அவரே பிறகு எழுதினார். தலைமைப் பொறுப்பின் முதல் வேலை இதுதான்: ஆள் பிடிப்பது. நிறுவனங்கள் கொடுக்கும் சம்பளத்தை அரசு கொடுக்க முடியாது. வேறு எதைக் காட்டி இழுப்பது? பிரதமருக்கு நேரடியாகப் போய்ச் சேரும் அறிக்கை, வெளியில் கிடைக்காத தகவல், உளவுத் துறை நிபுணரோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்பு. சில மாதங்களில் நல்ல ஆய்வாளர்கள் வந்து சேர்ந்தார்கள். 2023 நவம்பரில் பிளெட்ச்லியில் நடந்த ஏஐ பாதுகாப்பு மாநாட்டை ஒட்டி அந்தச் செயற்குழு ஏஐ பாதுகாப்பு நிறுவனமாக மாறியது. அங்கே வெளியான பிரகடனத்தில் இந்தியா உள்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் கையெழுத்திட்டன.

இரண்டாவது வேலை, கதவைத் திறக்க வைப்பது. புது மாதிரி சந்தைக்கு வருமுன்னே பார்க்க வேண்டும். வந்தபின் பார்த்துப் பயன் குறைவு. சட்டக் கட்டாயம் இல்லாத நிலையில் நிறுவனத்தின் சம்மதத்தோடுதான் நுழைய வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட்டில் ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் நிறுவனங்களோடு அந்நாட்டு அரசின் ஏஐ பாதுகாப்பு நிறுவனம் இப்படி ஒப்பந்தம் போட்டது. சம்மதம் தருகிறவரைக் கோபப்படுத்தாமலும், சோதனையில் விட்டுக்கொடுக்காமலும் நடக்க வேண்டும். இந்த வித்தை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

மூன்றாவது வேலைதான் எனக்கு மிகச் சிக்கலாகத் தெரிகிறது: கண்டதில் எவ்வளவு சொல்வது? 2024 மே மாதம் பிரிட்டிஷ் நிறுவனம் ஐந்து மாதிரிகளைச் சோதித்து முடிவை வெளியிட்டது. வேதியியல், உயிரியல் கேள்விகள் சிலவற்றுக்கு முனைவர் பட்ட அளவில் பதில் சொல்கின்றன. பள்ளி மாணவர் தரத்திலான கணினி ஊடுருவல் புதிர்களை அவிழ்க்கின்றன. எளிய தந்திரத்தாலேயே, தவறான கேள்வியை மறுக்கும் காவலை எல்லாவற்றிலும் தாண்ட முடிகிறது. இவை முக்கியமான முடிவுகள். ஆனால் மாதிரிகளின் பெயர் இல்லை. சிவப்பு, ஊதா, பச்சை, நீலம், மஞ்சள் என்று நிறத்தால் குறிப்பிட்டார்கள். நம் கைப்பேசியில் இருப்பது பச்சையா மஞ்சளா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பெயரைச் சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது, எப்படித் தாண்டினோம் என்று விரித்துச் சொன்னால் திருடனுக்குச் சாவி கொடுத்ததாகும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. புரிந்தாலும், வரிப்பணத்தில் நடந்த சோதனையில் வரி கட்டியவருக்குக் கிடைத்தது ஐந்து நிறங்கள் என்பது உறுத்துகிறது.

அரசியல் காற்றும் உண்டு. 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயரில் ‘சேஃப்டி’ போய் ‘செக்யூரிட்டி’ வந்தது. ஜூனில் அமெரிக்க நிறுவனத்தின் பெயரிலிருந்தும் ‘சேஃப்டி’ நீங்கி, அது தரநிலைகளுக்கும் புத்தாக்கத்துக்குமான மையம் ஆனது. ஆட்சி மாறினால் பெயர்ப் பலகையும் முன்னுரிமையும் மாறும். அதற்கு நடுவே சோதனைக் கூடத்தைக் கலையாமல் வைத்திருப்பதும் தலைமையின் கணக்கில்தான் வரும்.

இந்தியாவுக்கு வருவோம். 2025 ஜனவரி 30 அன்று மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இந்தியாவுக்கென ஏஐ பாதுகாப்பு நிறுவனம் வரும் என்று அறிவித்தார். ஒரே கட்டடம், ஒரே இயக்குநர், ஒரே வளாகம் என்ற வடிவம் அல்ல. நடுவில் ஒரு மையம். சுற்றிலும் ஐஐடி போன்ற கல்வி நிறுவனங்கள் ஆளுக்கொரு வேலையாக எடுத்துச் செய்யும். ஏற்கெனவே நடப்பவை சில: போலிக் குரலையும் போலிக் காணொளியையும் கண்டுபிடிப்பது, வேளாண்மை மொழி மாதிரிகளில் ஆண்-பெண் பாரபட்சம் இருக்கிறதா என்று பார்ப்பது, மாதிரிகளை ஊடுருவிச் சோதிக்கும் கருவி செய்வது. இந்தப் பரப்பில் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த முகம் சென்னை ஐஐடியின் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன். பொறுப்பான ஏஐ-க்கான மையம் அங்கே 2023-ல் அவர் தலைமையில் தொடங்கியது. ஏஐ விஞ்ஞானி யோஷுவா பெஞ்சியோ தலைமையில் வந்த பன்னாட்டு ஏஐ பாதுகாப்பு அறிக்கையின் ஆலோசனைக் குழுவில் இந்தியா சார்பில் இருந்தவரும் அவர்தான். 2025 நவம்பர் 5 அன்று மத்திய அரசு வெளியிட்ட ஏஐ ஆளுகை வழிகாட்டுதல்களை வரைந்த குழுவுக்கும் அவரே தலைவர். இப்போதைக்குத் தனிச்சட்டம் தேவையில்லை, இருக்கிற சட்டங்களை வைத்துக்கொண்டு சோதனையையும் கண்காணிப்பையும் பலப்படுத்தலாம் என்பது அந்த ஆவணத்தின் போக்கு. பாதுகாப்பு நிறுவனத்துக்கு அதில் முக்கிய இடம் கொடுத்திருக்கிறார்கள்.

பணம்? 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த இந்தியா ஏஐ இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு 10,371.92 கோடி ரூபாய். கணினித் திறனுக்கு மட்டும் 4,563 கோடிக்கு மேல். ‘பாதுகாப்பும் நம்பகமும்’ என்ற தலைப்புக்கு 20.46 கோடி. ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு ரூபாய்கூட முழுதாக வரவில்லை. நாடு முழுக்க நிறுவனங்களைப் பிரித்து வேலை வாங்குவது நம் பரப்புக்கு ஏற்ற யோசனை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பணமும் கொஞ்சம், ஆளும் பல ஊரில் என்றால், ஒரு புது மாதிரி நாளை வெளிவரும்போது இன்றிரவே சோதித்து முடிக்கும் கூட்டம் எங்கே உட்கார்ந்திருக்கும்?

தமிழுக்கு இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் வேலை செய்யும் காவல் மற்ற மொழிகளில் அப்படியே வேலை செய்வதில்லை. 2023-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தில் மறுக்கப்பட்ட விஷமக் கேள்விகளை ஜூலு, ஸ்காட்டிஷ் கேலிக் போல இணையத்தில் எழுத்து குறைந்த மொழிகளில் மொழிபெயர்த்து ஜிபிடி-4-இடம் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மொழிகளை மாற்றி மாற்றி முயன்றபோது 79 விழுக்காடு கேள்விகளுக்குக் காவல் உடைந்தது. 2025-ல் சிங்கப்பூர் முன்னின்று பல நாட்டு அரசு நிறுவனங்களைச் சேர்த்து ஒரு கூட்டுச் சோதனை நடத்தியது. பத்து மொழிகள், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கேள்விகள். மொழிக்கு மொழி காவலின் பலம் மாறுவதைக் கண்டார்கள். பதிலுக்கு மதிப்பெண் போட வேறொரு ஏஐ-யை உட்கார வைத்தால் அதன் தீர்ப்பும் மொழிக்கு மொழி தடுமாறுகிறது. அந்த மொழி பேசும் மனிதர் படித்துப் பார்த்தே ஆக வேண்டும். பத்து மொழிகளில் தெலுங்கு இருந்தது. தமிழ் இல்லை, சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருந்தும்.

இந்த வேலையைத் தமிழில் செய்வது எப்படியிருக்கும் என்று யோசித்தால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிப் பயிருக்கு எது சரியான பதில் என்று சொல்லும் ஆட்கள் அங்கே இருப்பார்கள். கேள்வியை எழுத்துத் தமிழில் ஒரு முறை, காரியாபட்டியிலும் நரிக்குடியிலும் பேசுகிற மாதிரி ஒரு முறை, பாதி ஆங்கிலம் கலந்து ஒரு முறை கொடுக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு கேட்பவருக்குப் பதில் கிடைத்ததா என்று ஒரு பட்டியல். விவசாயி வேஷத்தில் வருபவருக்குக் கிடைக்காமல் போனதா என்று இன்னொன்று. பதிவேட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் எண்ணினால் முடிவு பொய்யாகிவிடும். நிறுவனம் மாதிரியைப் புதுப்பிக்கிறபோதெல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. சலிப்பான வேலை, ஆனால் ஆபத்து ஆய்வில் பெரும்பகுதி இந்தச் சலிப்புதான்.

அதனால் இந்தக் குழுவுக்குக் கணினி படித்தவர்கள் மட்டும் போதாது. வேளாண் பட்டதாரி, செவிலியர், சைபர் குற்றப் பிரிவில் இருந்த காவலர், மருந்தாளுநர் என்று பலரும் வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராது என்று ஒதுங்கி நிற்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, அவர்கள் தமிழே தகுதியாகிற வேலை இது. ஆனால் வீட்டில் சொன்னால் வரும் முதல் கேள்வி, “கவர்மெண்ட் வேலைன்னா, நிரந்தரமா?” என்பதுதான். கல்வி நிறுவனங்களின் ஆய்வுத் திட்டங்களில் சேருகிறவர்களுக்குப் பெரும்பாலும் திட்டம் முடியும்வரை ஒப்பந்தச் சம்பளம். இரண்டாம் வருஷம் அவர்கள் நன்றாகத் தேறி நிற்கும் நேரத்தில், யாரைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்களோ அதே நிறுவனத்திடமிருந்து வேலைக்கு அழைப்பு வரும். போகாதே என்று சொல்லித் தடுக்கத் தலைவர் கையில் என்ன இருக்கிறது என்பதற்கு லண்டனிலும் முழு விடை கிடைத்தபாடில்லை.