உதட்டில் பூசுவது வயிற்றுக்கும் போகும்

பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, உருக்கிய தேன்மெழுகிலும் தேங்காய் எண்ணெயிலும் கலந்தால் நிறமுள்ள லிப் பாம் தயார் என்று நம்பி நானும் ஒருமுறை செய்தேன். சாறு எண்ணெயோடு சேரவில்லை. சிவப்புத் துளிகளாக அடியில் தங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை.

காரணம் எளிது. பீட்ரூட்டின் நிறமி தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. மெழுகும் எண்ணெயும் மட்டும் உள்ள டப்பாவில் கிருமிகள் எளிதில் வளர்வதில்லை. அதில் சாறு, பன்னீர், கற்றாழைச் சோறு என்று எந்த ஈரம் சேர்ந்தாலும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இடம் கிடைத்துவிடும். பீட்ரூட்தான் வேண்டும் என்றால் நன்றாகக் காய்ந்த பொடியை மாவு போலச் சலித்து ஒரு சிட்டிகை சேருங்கள். நிறம் வெளிறித்தான் இருக்கும். வெண்ணெய்க்கு நிறம் தரும் அன்னாட்டோ விதையைச் சூடான எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டினால் ஆரஞ்சு கலந்த சிவப்பு வரும், அது எண்ணெயோடு சேரும்.

அதிகம் கவலைப்பட வேண்டியது வேம்பாளம்பட்டை விஷயத்தில். கூந்தல் எண்ணெயைச் சிவக்க வைக்கும் அந்தப் பட்டையை இப்போது பலர் உதட்டுக்கும் போடுகிறார்கள். நாட்டுமருந்துக் கடைகளில் இந்தப் பெயரில் வெவ்வேறு செடிகளின் பட்டையும் வேரும் விற்கப்படுகின்றன. அவற்றில் சில, கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவை. தலையில் தேய்ப்பது வேறு. உதட்டில் பூசுவது, நாக்கால் நக்கும்போதும் சாப்பிடும்போதும் தினமும் கொஞ்சம் உள்ளே போகும். குங்குமம், செந்தூரம், ஹோலிப் பொடி, சோப்புக்கான சாயம் எதையும் லிப் பாமில் சேர்க்காதீர்கள். செந்தூரத்தில் ஈயம் கலந்திருந்ததாகப் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் மூன்று பங்கு. நம் ஊர் வெயிலுக்கு மெழுகு சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீ வேண்டாம். எலுமிச்சைச் சாறும் இலவங்கப்பட்டைத் தைலமும் தவிருங்கள், உதடு எரியும். லிப் பாமில் தேன் சேர்த்திருந்தால், அதை ஒரு வயது நிறையாத குழந்தையின் வாயருகே கொண்டுபோகக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதில் ஆபத்தானது.

முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். தேன்மெழுகே சிலருக்கு ஒவ்வாது. ஒரே டப்பாவைத் தோழிகள் பகிர்ந்தால் உதட்டுக் கொப்புளம் பரவும். உதடு வெடித்து அரித்தால் உடனே நிறுத்திவிட்டு, நிறமும் மணமும் இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் தடவித் தோல் மருத்துவரைப் பாருங்கள். உதடு வீங்கி மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.

தனக்காகச் செய்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை. விற்பனைக்குச் செய்தால் கதை வேறு. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, விற்பனைக்குத் தயாரிக்க மாநில உரிமம் தேவை. வீட்டுச் சமையலறையில் செய்து வாட்ஸ்அப்பில் விற்பவருக்கும் இதுவே விதி. உரிம எண், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, மூலப்பொருள் பட்டியல் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். ‘நூறு சதவீதம் இயற்கை’ என்ற வாசகம் இவற்றில் எதற்கும் ஈடாகாது. உழைத்துச் சம்பாதிக்க நினைக்கும் பெண்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வாங்குபவரின் உதடு வீங்கினால் பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர்தான் என்பது விற்கத் தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வாங்கி ஏமாந்தவர்கள் டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். பணம் கட்டிய ஆதாரம், உரையாடல், உதட்டின் புகைப்படம், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, நீங்கள் வாங்கிய பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திச் சோதிக்கச் சொல்லி, அவர் கையெழுத்திட்ட அறிக்கையையும் பெறலாம்.