பழைய இரும்பு விலையில் ரேடியல் டிரில்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பட்டறை ஒன்றை மூடும்போது வெல்டிங் மெஷின், கிரைண்டர் போன்ற சிறு சாமான்கள் சீக்கிரம் கைமாறிவிடும். மூலையில் நிற்கும் ரேடியல் டிரில்லை மட்டும் எடுத்துச் செல்ல ஆள் கிடைக்காது. கடைசியில் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து கிலோ கணக்கில் விலை பேசுவார். ஜெலாப்பாங், சிலிபின், மெங்லெம்பு பக்கம் வீட்டின் பின்னால் கொட்டகை போட்டு கேட், கிரில், டிரெய்லர் வேலை செய்பவர்களுக்கு அந்த விலையைக் கேட்டால் ஆசை வருவது இயல்பே. ஆனால் இயந்திரத்தின் விலை செலவின் ஒரு பகுதிதான். லோரி, கிரேன், தரை, மின்சாரம் ஆகிய நான்கும் சேர்ந்து அந்த விலையை எளிதாகத் தாண்டிவிடும்.

ஈப்போ வட்டாரத்தில் கனரகப் பட்டறைகள் வளர்ந்ததற்கு ஈயமே முக்கியக் காரணம். தஞ்சோங் துவாலாங்கில் இன்று சுற்றுப்பயணிகள் பார்க்கும் ஈயக் கப்பல் 1938இல் கட்டப்பட்டது. அதன் எடை சுமார் 4,500 டன். அப்படிப்பட்ட ஒன்றை ஓட வைக்க, தடித்த இரும்பில் பெரிய துளை போடும் இயந்திரங்கள் தேவைப்பட்டன. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்து ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன, அவற்றை நம்பியிருந்த பட்டறைகளும் ஆட்டம் கண்டன. பழைய இயந்திரத்தின் தகட்டில் ஆஸ்குவித் அல்லது கிச்சன் அண்ட் வேட் என்ற பெயர் இருந்தால், அது இங்கிலாந்தின் ஹாலிபாக்ஸ் நகரத் தயாரிப்பு.

முதலில், இது நமக்குத் தேவைதானா? 25 மில்லிமீட்டர் துளையைச் சாதாரண இரும்பில் போட ஸ்பிண்டில் நிமிடத்திற்குச் சுமார் 300 சுற்று சுற்றினால் போதும். மலிவான மேசை டிரில்கள் பலவற்றால் அவ்வளவு மெதுவாக வலுவோடு சுற்ற முடியாது. பழைய ரேடியல் டிரில்லுக்கு அது விளையாட்டு. ஆனால் 3 மில்லிமீட்டர் துளைக்கு 2,500க்கு மேல் வேண்டும். பெரிய இயந்திரங்கள் பல அந்த வேகத்தைத் தொடுவதில்லை. தினமும் சிறு துளைதான் போடுகிறோம் என்றால் இந்த ஆசையை இங்கேயே விட்டுவிடலாம்.

பார்க்கப் போகும்போது டார்ச் லைட், டயல் கேஜ், பழுதில்லாத டேப்பர் டிரில் பிட் ஒன்று, இவை மூன்றையும் கொண்டு போக வேண்டும். ஸ்பிண்டிலின் உள் டேப்பரை விரலால் தடவிப் பார்த்தால், பிட் வழுக்கிச் சுற்றிய கீறல்கள் கையில் தட்டுப்படும். மேலோட்டமான கீறலை ரீமரால் சரி செய்யலாம். ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி டயல் கேஜில் பார்க்கும்போது ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கிரில், டிரெய்லர் வேலைக்குத் தாராளம். மேசையில் யாரோ தவறிப் போட்ட துளைகளைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது அடித்தளத்தின் வெடிப்புக்கும், கை ஏறி இறங்கும் திருகுக்கும்தான். அந்தத் திருகு பெரும்பாலும் வெண்கல நட்டில் ஓடும். கிரீஸில் மஞ்சள் பொடி மின்னினால் நட் தேய்கிறது என்று பொருள். கையின் எடையைத் தாங்குவதே அந்த நட்தான். கையை அடி முதல் உச்சி வரை ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். கரண்ட் இல்லை, ஓட்டிக் காட்ட முடியாது என்று விற்பவர் சொன்னால், இரும்பு விலைக்கு மேல் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்கத் தேவையில்லை.

பலர் தடுக்கி விழுவது மின்சாரத்தில்தான். வீட்டுக்கு வருவது பெரும்பாலும் 230 வோல்ட் சிங்கிள் பேஸ். இந்த இயந்திரமோ 400 அல்லது பழைய கணக்கில் 415 வோல்ட் திரீ பேஸ். இன்வெர்ட்டர் டிரைவ் போட்டால் ஓடிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். அது பாதி உண்மை. சாதாரண டிரைவ் 230 வோல்ட்டை வாங்கி 230 வோல்ட் திரீ பேஸாகத்தான் கொடுக்கும். மோட்டார் தகட்டில் 230/400 என்று இருந்து, பெட்டிக்குள் ஆறு முனைகள் இருந்தால், டெல்டா இணைப்புக்கு மாற்றி ஓட்டலாம். மூன்று முனைகள் மட்டும் வெளியே இருந்தால், காயில் கட்டுபவர் மோட்டாரைப் பிரித்து உள் இணைப்பை வெளியே எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் மோட்டாரையே மாற்ற வேண்டும். ரேடியல் டிரில்லில் கையை ஏற்றி இறக்க இன்னொரு மோட்டாரும் இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய சுவிட்சை வைத்து ஓட்டத்தில் நிறுத்தினால் டிரைவ் எரிந்து போகலாம். தெனாகாவிடம் திரீ பேஸ் இணைப்புக்கு விண்ணப்பிப்பது இன்னொரு வழி. எதுவானாலும், பணம் கொடுப்பதற்கு முன் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் மோட்டார் தகட்டின் படத்தைக் காட்டிவிடுவது நல்லது.

நான்கு அடி கை உள்ள இயந்திரம் இரண்டு டன்னைத் தாண்டலாம். உச்சி கனமானது. தூக்கும் முன் கையைக் கீழே இறக்கி, தலையைத் தூணோடு ஒட்டவைத்து, கையை அடித்தளத்தின் மேல் திருப்பி, எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்ட வேண்டும். நண்பனின் லோரி, நான்கு ஆள், கயிறு என்ற கணக்கு இதற்கு ஆகாது. கிரேனும் அதை ஓட்டத் தெரிந்தவரும் வேண்டும். கொட்டகைக் கூரையின் உயரத்தையும் முன்னதாக அளக்க வேண்டும்.

தரை விஷயத்தில் கிந்தா பள்ளத்தாக்குக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்குள்ள தாமான்கள் பல பழைய ஈய நிலத்தின் மேல் எழுந்தவை. அடியில் மணலும் சேறும் இருக்கலாம். கார் நிறுத்தும் மெல்லிய சிமெண்டுத் தரையில் இதை நிறுத்தினால் தரை வெடிக்கும். கையை முழுதாக நீட்டித் துளை போடும்போது இயந்திரம் சாயாமலிருக்க, கம்பி கட்டிய கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். குடியிருப்புப் பகுதியில் கூலிக்கு வேலை செய்வதானால் மாநகர் மன்ற உரிமம் பற்றி முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு டிரில்லில் பிட் மாட்டிக்கொண்டால் மோட்டார் திணறி நிற்கும். இது நிற்காது, கையால் பிடித்த தகட்டைப் பிடுங்கிச் சுழற்றும். வேலையை எப்போதும் மேசையில் கிளாம்ப் போட்டே பிடிக்க வேண்டும். கையுறை கூடாது, நீளக்கை சட்டையை மடித்துவிட வேண்டும். கோயிலில் கட்டிய மணிக்கட்டுக் கயிறு, காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் சுவிட்சைத் தொடும் முன் கழற்றி வைக்க வேண்டும். சுருளாக வரும் இரும்புச் சீவலை எடுக்க மெஷினை நிறுத்திவிட்டுத் தூரிகையைப் பயன்படுத்த வேண்டும்.