மனநோய்க்கு சர்டிபிகேட் மறுத்துவிட்டார்களா? மறுபடியும் கேளுங்கள்!

அந்த அம்மாவின் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, நாலைந்து மாத்திரைச் சீட்டுகள். பக்கத்தில் முப்பத்து நாலு வயது மகன். புதுச்சட்டை போட்டு, தலைவாரி, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். குருவிகுளத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள்.

டாக்டர் கேட்கிறார்: "என்னம்மா, தானா குளிக்கிறானா?"

"குளிப்பான் ஐயா."

"வீட்டுல எல்லார்கிட்டயும் பேசுவானா?"

"பேசுவான் ஐயா. தங்கமான பிள்ளை."

"வேலைக்குப் போறானா?"

"கூப்பிட்டா போவான் ஐயா."

பத்து நிமிடம்தான். சில நாள் கழித்து பதில் வருகிறது. ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழே! உதவித்தொகைக்கு வழியில்லை. "பன்னெண்டு வருசமா நான் படுற பாடு இவங்களுக்குத் தெரியலையே" என்று அந்த அம்மா அழுகிறாள்.

கரிசல்காட்டு ஊர்களில் மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்க நடக்கிற காட்சி இது. இதில் டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அம்மா பொய்யும் சொல்லவில்லை. ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை! 'குளிப்பான்' என்றால் எப்படி? அம்மா தண்ணீர் மொண்டு வைத்து, நாலு தடவை சத்தம் போட்டு, முதுகும் தேய்த்துவிட்டால் குளிப்பான். 'வேலைக்குப் போவான்' என்றால்? தீப்பெட்டி ஆபீசுக்கு மூன்று நாள் போய்விட்டு, நாலாம் நாள் பாதியில் எழுந்து வந்தவன், அப்புறம் போகவே இல்லை. பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? அந்தப் பாசம்தான் இங்கே மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டது.

அளப்பது நோயை அல்ல!

கை, கால் ஊனம் என்றால் கண்ணுக்குத் தெரியும். மனநோய்க்கு ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. பிறகு எப்படிச் சதவீதம் போடுகிறார்கள்?

இதற்காக இந்திய மனநல மருத்துவர்கள் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு தயாரித்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. பெயர் 'ஐடியாஸ்'. 2002-ல் மத்திய அரசு இதை ஏற்று அறிவித்தது. நோயின் பெயர் என்ன, எத்தனை மாத்திரை என்பதையெல்லாம் இது அளப்பதில்லை. அந்த நோயால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு தடைப்படுகிறது என்பதைத்தான் அளக்கிறது.

நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்:

1. தன்னைத் தானே கவனித்துக்கொள்வது: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது.
2. மற்றவர்களோடு பழகுவது.
3. பேசுவதும், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும்.
4. வேலை. கூலி வேலை மட்டும் இல்லை. வீட்டு வேலை பார்க்கும் பெண்ணுக்கு வீட்டு வேலை, மாணவனுக்குப் படிப்பு.

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கஷ்டமே இல்லை என்றால் 0, முழுக்க முடியவில்லை என்றால் 4. இதோடு நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. இரண்டு வருஷத்துக்குக் கீழே என்றால் 1, பத்து வருஷத்துக்கு மேல் என்றால் 4. ஆக மொத்தம் 20. இதில் 7 வந்தால் 40 சதவீதத்தைத் தொட்டுவிடலாம். 7 முதல் 13 வரை மிதமான ஊனம், 14 முதல் 19 வரை கடுமையானது.

இப்போது அந்த அம்மாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவள் சொன்ன பதிலுக்குக் குளியல் 0, பழக்கம் 1, பேச்சு 0, வேலை 2. கையில் இருந்த சீட்டுகள் மூன்று வருஷத்துக்கானவை மட்டும் என்பதால் காலத்துக்கு 2. மொத்தம் 5. தள்ளுபடி!

உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தால்? குளியல் 1, பழக்கம் 2, பேச்சு 1, வேலை 3. பன்னிரண்டு வருஷ நோய்க்கு 4. மொத்தம் 11. அதே பையன், அதே நோய். பதில் மட்டும்தான் வேறு!

எந்தக் கதவு மூடியது?

'கேட்டோம், கிடைக்கலை' என்று சொல்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் இரண்டு கதவுகள் உண்டு.

முதல் கதவு, மருத்துவச் சான்றிதழ். இதை டாக்டர்கள் தருகிறார்கள். இரண்டாவது கதவு, உதவித்தொகை. சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் இதை வருவாய்த் துறை தருகிறது. 18 வயது முடிந்து, 40 சதவீத ஊனமும், ஆதரவற்ற வறுமை நிலையும் இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் இந்தத் தொகை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் ஆனது.

சான்றிதழே மறுக்கப்பட்டிருந்தால் தாசில்தாரிடம் போய்ப் பயனில்லை. சான்றிதழ் இருந்தும் பணம் மறுக்கப்பட்டிருந்தால் டாக்டரிடம் போய்ப் பயனில்லை.

இன்னொன்று. மனவளர்ச்சிக் குறைபாடு வேறு, மனநோய் வேறு. சட்டத்தில் இரண்டும் தனித்தனி. விண்ணப்பத்தில் மாற்றி எழுதினால் அதனாலேயே மனு திரும்பலாம்.

முதல் கதவு மூடினால்...

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. மனநோயும் அதில் ஒன்று. 'குறிப்பிட்ட ஊனம் இல்லை' என்று முடிவு செய்தால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 58-வது பிரிவு. அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 59-வது பிரிவு. ஆக, மேல்முறையீடு யாரோ போடும் பிச்சை இல்லை, உங்கள் உரிமை!

என்ன செய்ய வேண்டும்?

* எழுத்தில் வாங்குங்கள். 'போயிட்டு அப்புறம் வாங்க' என்று வாயால் சொன்னதை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. விண்ணப்பம் இப்போது இணையம் வழியாகப் போவதால் பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். 2024 அக்டோபரில் திருத்திய விதிப்படி சான்றிதழ் தர மூன்று மாத அவகாசம் உண்டு.

* மதிப்பெண் தாளைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். எந்த இடத்தில் 0 விழுந்தது என்று தெரிந்தால்தான் எதை விளக்குவது என்று தெரியும்.

* பழைய சீட்டுகளைத் தேடுங்கள். நம் பக்கத்தில் முதலில் டாக்டரிடம் போகிறவர்கள் குறைவு. சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சந்நிதிச் சக்கரத்தில் உட்கார வைப்போம், புற்று மண் பூசுவோம். நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷங்களுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்காதே! பாளையங்கோட்டையிலோ கோவில்பட்டியிலோ ஒருமுறை காட்டியிருந்தால்கூட அந்த ஆஸ்பத்திரியில் கேளுங்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, தன் மருத்துவக் குறிப்புகளைப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு.

* காலம் கடத்தாதீர்கள். மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு உண்டு. கடிதம் வந்த வாரமே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், யாரிடம், எத்தனை நாளுக்குள் மனு தர வேண்டும் என்று கேளுங்கள். 2019 நவம்பர் 22 முதல் நம் மாவட்டம் தென்காசி. பழைய பழக்கத்தில் திருநெல்வேலிக்குப் போய் ஒரு நாள் கூலியை இழக்காதீர்கள்.

மனுவில் என்ன எழுதுவது?

'ஏழைத்தாய் கண்ணீரோடு எழுதுவது' என்று நாலு பக்கம் வேண்டாம். ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

'என் மகனுக்குப் பன்னிரண்டு வருஷமாக மனநோய். இந்தத் தேதியில் நடந்த பரிசோதனையில் 40 சதவீதத்துக்குக் குறைவு என்று கூறப்பட்டது. அவனது உண்மை நிலை இது: நான் சொல்லாமல் அவன் குளிப்பதில்லை. இரண்டு வருஷமாக எந்த விசேஷத்துக்கும் வந்ததில்லை. கடைக்கு அனுப்பினால் வாங்க வேண்டியதை மறந்து திரும்புகிறான். வேலையில் மூன்று நாளுக்கு மேல் நின்றதில்லை. மறுபரிசோதனை செய்ய வேண்டுகிறேன்.'

இதோடு மறுப்புக் கடிதம், சிகிச்சைச் சீட்டுகள், இப்போது பார்க்கும் மனநல மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

பரிசோதனைக்கு மறுபடி கூப்பிட்டால், அதற்கு முன் ஒரு மாதம் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தினமும் இரண்டு வரி குறித்து வையுங்கள். 'இன்று குளிக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பேசினதுக்குக் கதவை மூடிக்கிட்டான்.' நோயாளியை மட்டும் அல்ல, கூட இருப்பவரையும் விசாரித்து, பழைய குறிப்புகளையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்பதுதான் 'ஐடியாஸ்' முறை. உங்கள் வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு.

இதை மட்டும் செய்யாதீர்கள்!

'நோய் தெரியட்டும்' என்று பரிசோதனைக்கு முன் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. மகா ஆபத்து! அடங்கியிருந்த நோய் திரும்பிவிட்டால் மறுபடி அடக்கப் பல மாதம் ஆகும். மாத்திரை சாப்பிட்டும் எவ்வளவு முடியவில்லை என்பதைச் சொன்னாலே போதும். மிகைப்படுத்தவும் வேண்டாம். ஒரு பொய் பிடிபட்டால் ஒன்பது உண்மையும் எடுபடாது.

இரண்டாவது கதவு மூடினால்...

மறுப்புக்கான காரணத்தைத் தாலுகா ஆபீசில் எழுத்தில் கேளுங்கள். சொத்தா, வருமானமா, ஆதாரில் பெயர் மாற்றமா? திருத்தக்கூடியதைத் திருத்தி மறுபடி விண்ணப்பியுங்கள். காரணம் தவறு என்றால் சங்கரன்கோவில் கோட்டாட்சியரிடம் முறையிடுங்கள். அடுத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள்.

எல்லாக் கதவும் மூடினாலும் மாநில ஆணையர் இருக்கிறார், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் ஏது என்று மலைக்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மனநோய் உள்ளவருக்குச் சட்ட உதவி இலவசம். சங்கரன்கோவில் நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவரும் இருக்கிறார். மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ரவீந்தர் குமார் தாரிவால். எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் உள்ளவர். டாக்டர்கள் அவருக்கு 40 முதல் 70 சதவீத ஊனம் என்று சான்று தந்திருந்தார்கள். அவர் மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை மறைமுகமான பாகுபாடு என்று 2021 டிசம்பர் 17-ல் தீர்ப்பு வந்தது. மனநோயும் ஊனம்தான், அதற்கும் உரிமை உண்டு என்பதை நீதிமன்றமே உறுதிப்படுத்திவிட்டது.

கடைசியாக, அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. மறுப்புக் கடிதம் வந்த நாளில் வீட்டில் சண்டை போடாதீர்கள். 'உன்னாலதான் கிடைக்கலை' என்று பிள்ளையைச் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் அவனை இன்னும் உள்ளே தள்ளிவிடும். உங்களுக்கே மனம் தாளவில்லை என்றால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் பேசுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த தடவை டாக்டர் "தானா குளிக்கிறானா?" என்று கேட்டால் கூச்சப்படாதீர்கள். "இல்லை ஐயா, நான்தான் தண்ணி மொண்டு வைக்கணும்" என்று சொல்லுங்கள். அது உங்கள் பிள்ளையை விட்டுக்கொடுப்பது ஆகாது. அவனுக்காகப் பேசுவது!