சிறிய இரைப்பை, நெடிய கவனிப்பு

ஓசூரிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் அமைந்துள்ளது நாராயணா ஹெல்த் சிட்டி. மருத்துவர் தேவி ஷெட்டி தொடங்கிய இதய மருத்துவமனையிலிருந்து வளர்ந்த வளாகம் இது. இதய நோய்க்குத் துணைபோகும் உடற்பருமனுக்கும் இங்கு அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. அத்தகைய சிகிச்சைகளுள் ஒன்று, 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' எனப்படும் இரைப்பை மாற்றுவழி அறுவை சிகிச்சை. 2014-இல் மத்திய நிதியமைச்சராக இருந்த அருண் ஜேட்லி நீரிழிவின் பொருட்டு இதனை மேற்கொண்டபோது, நாளிதழ்கள் வாயிலாகப் பலரும் இதன் பெயரை அறிந்தனர்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966-இல் தொடங்கிவைத்த முறை இது. இரைப்பையின் மேற்பகுதி, ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்படுகிறது. இரண்டு மேசைக்கரண்டி அளவே அது. பிறகு சிறுகுடலை வெட்டி, அதன் கீழ்ப்பகுதியை மேலேற்றி இப்பையுடன் இணைப்பர். எஞ்சிய இரைப்பை அகற்றப்படுவதில்லை. அதன் செரிமான நீர் வேறு கிளைவழியே வந்து கீழே உணவுடன் கலக்கும். கவட்டைக் குச்சியை நினைத்துக்கொண்டால் அமைப்பு விளங்கும்.

உணவு குறைவதால் மட்டும் பயன் விளைவதில்லை. குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் மாறுவதால் பசி தணிகிறது. எடை குறையும் முன்பே, சில நாட்களில் இரத்தச் சர்க்கரை இறங்குவதும் உண்டு. ஆயினும் நீரிழிவு சில ஆண்டுகளில் திரும்பக்கூடும் என்பதால் இதனை நிரந்தரத் தீர்வு எனக் கூறுவது பொருந்தாது.

வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே கவனிக்க வேண்டியது காப்பீட்டு விதியை. உடல் எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் கிடைக்கும். ஆசியர்களுக்கு இவ்வெண் 27.5-ஐ எட்டினாலே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்பது பன்னாட்டு அறுவை மருத்துவர் அமைப்புகளின் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019-ஆம் ஆண்டு விதிவிலக்கு வாசகமோ 40 என்கிறது. கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு, இதயத்தமனி நோய் போன்றவை உடனிருந்தால் 35. 160 சென்டிமீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ள நீரிழிவு நோயாளியின் குறியீட்டெண் 31 மட்டுமே. மருத்துவர் பரிந்துரைத்தாலும் அவரது கோரிக்கை மறுக்கப்படலாம். எனவே காப்பீட்டு நிறுவனத்தின் முன்னனுமதியை எழுத்து மூலம் பெற்ற பின்னரே நாள் குறிப்பது நலம். அதன்பின் ஆண்டுதோறும் தொடரும் மாத்திரை, பரிசோதனைச் செலவுகளைப் பெரும்பாலும் நாமே ஏற்க நேரிடும்.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் நீர் ஆகாரம், அடுத்துக் குழைந்த உணவு, பிறகே திட உணவு. உணவுடன் நீர் அருந்தலாகாது. அரை மணி நேரம் கழித்தே அருந்த வேண்டும். நம் வீடுகளில் கடினமானது இலையில் சோற்றுக்கு உள்ள முதலிடத்தை மாற்றுவதுதான். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பதால், பருப்பு, முட்டை, மீன், பனீர், சுண்டல் ஆகியவற்றை முதலில் உண்டு, இடமிருந்தால் சோறு. சைவ உணவினருக்கு இது எளிதன்று. உணவியல் வல்லுநரின் துணை அவசியம். திருமண வீட்டில் ஒரு கிண்ணம் பாயசம் அருந்தினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, மயக்கம் வரலாம். சர்க்கரை திடீரெனக் குடலில் இறங்குவதன் விளைவு அது. உபசரிப்போருக்கு இதைச் சொல்லிவைப்பது குடும்பத்தாரின் பொறுப்பு.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதும் தேவை. நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகளில் இரத்தச்சோகையாகவும் நரம்பு, எலும்புக் குறைபாடாகவும் வெளிப்படும். முதல் மாதங்களில் முடி உதிர்வது பெரும்பாலும் தற்காலிகமானதே. இடைவிடாத வாந்தி அவ்வாறன்று. தயமின் குறைந்து நரம்பு பாதிக்கப்படும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறுதலைத் தள்ளிப்போடுவது பாதுகாப்பு. நீரிழிவு மருந்தின் அளவை மருத்துவரே மாற்ற வேண்டும்.

முதலாண்டில் 3, 6, 12-ஆம் மாதங்களிலும் பின்னர் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய மெட்ரோ மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை வருவதால், பெங்களூருவாசிகளுக்கு இப்பயணம் எளிதாகியுள்ளது. சொந்த ஊரில் பல்வலிக்கு மருந்து எழுதும் மருத்துவருக்கு இந்த அறுவை நடந்தது தெரியாது. ஐபூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகள் இணைப்பிடத்தில் புண் உண்டாக்கும் என்பதால், மருத்துவமனை தந்த சுருக்கக் குறிப்பின் நகலொன்றைப் பணப்பையிலேயே வைத்திருக்கலாம்.