கறுப்புக் குதிரை விலைக்கு!

"தம்பி, குதிரை வாங்கப் போறேன். நீங்களும் வாங்க" என்று கோவில்பட்டி அண்ணாச்சி அழைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கரிசல் சீமையில் பருத்தி உண்டு, கம்பு உண்டு, கடலை மிட்டாய்க்குக் கேட்கவே வேண்டாம். குதிரை என்றால் ஊர்க் கோடியில் ஐயனாருக்கு நிற்கும் மண் குதிரைதானே? அதற்குக் கொள்ளு வைக்க வேண்டாம். அது உதைக்கவும் உதைக்காது!

ஆனால் அண்ணாச்சியின் 12 வயது மகள் ஒரே பிடிவாதம். "குதிரை கறுப்பா இருக்கணும்" என்றாள். "சாதுவா இருக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார் மதினி.

அந்தப் பக்கத்துக்குக் குதிரை புதிதும் அல்ல. கோவில்பட்டி இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரையில்தான் பழைய காயல் துறைமுகம் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர்களுக்காகக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை. வழியில் இறந்ததற்கும் கஜானாவிலிருந்தே பணம் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதி வைத்திருக்கிறார். வந்தவற்றை வளர்க்கத் தெரியாமல் சாகவிட்டார்கள் என்று மார்க்கோ போலோ வேறு குறைபட்டுக்கொண்டார்.

இப்போது குதிரைக்கு அந்தியூர் போக வேண்டும். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிப் பெரிய சந்தை கூடுகிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை. காது நுனிகள் ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரைகளைப் பார்த்தே மகள் மயங்கிவிட்டாள். அவற்றில் ஒன்று மை போலக் கறுப்பு!

"பாப்பாவ ஏத்தி உடுங்க, அசையாதுங்க" என்றார் வியாபாரி.

அண்ணாச்சியின் கை மடிக்குப் போயிற்று. மதினி தடுத்தார். "ஏன் இப்படித் தலையைத் தொங்கப் போட்டிருக்கு?"

பக்கத்தில் லாடம் அடித்துக்கொண்டிருந்த பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "பகலெல்லாம் ஓட்டிக் காட்டுன குதிரைங்க, அம்மா. களைப்பு வேற, சாது வேற. காலையில, தீனிக்கு முன்னால வந்து பாருங்க."

அன்றிரவு நான் ஒரு செய்தியை எடுத்து விட்டேன். 2022-இல் பஞ்சாபில் ஒருவர் 22 லட்சத்துக்கு மேல் பேசி ஒரு கறுப்புக் குதிரை வாங்கினார். வீட்டில் குளிப்பாட்டினால், கறுப்பு தண்ணீரோடு போய்விட்டது! மதினி ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் அவர் கையில் ஓர் ஈரத் துண்டு.

மைக் குதிரையில் சாயம் இல்லை. ஆனால் அண்ணாச்சி பின்பக்கமாக நெருங்கியதும் காதை மடக்கிக்கொண்டு காலைத் தூக்கிற்று பாருங்கள்! "பின்னாலிருந்து போகாதீங்க. நேர் பின்னால வர்றது அதுக்குத் தெரியாது. பேசிக்கிட்டே தோள் பக்கமாப் போகணும்" என்று பெரியவர் இழுத்துவிட்டார்.

வேப்பமரத்தடியில் இன்னொன்று நின்றது. பெட்டைக் குதிரை. வெயிலில் முதுகுக் கறுப்பு செம்பட்டையாக வெளிறியிருந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வெளுத்தா அசல் கறுப்பு, கரைஞ்சாத்தான் சாயம்" என்றார் மதினி. துணி வெளுத்தவருக்குத் தெரியாதா?

பெரியவர் பல்லைப் பார்த்து வயது சொன்னார். நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கினார், கொடுத்தது. முதலில் சொந்தக்காரரை ஏறி ஓட்டச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு பலூன் வெடித்தது. குதிரை காதை நிமிர்த்திற்று, திரும்பிப் பார்த்தது, பேசாமல் நடந்தது. மதினி அப்போதுதான் மூச்சு விட்டார். மகள் கையை விரித்துக் கடலை மிட்டாய் நீட்டினாள். உதட்டாலேயே ஒற்றி எடுத்துக்கொண்டது!

"எந்த ஊருங்க? கரிசலா? கோடையில நிலம் வெடிச்சிருக்கும், வயக்காட்டுல ஓட்டாதீங்க, கால் போயிரும்" என்று எச்சரித்தார் பெரியவர்.

அண்ணாச்சியும் தரகரும் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்தார்கள். எத்தனை விரல், எத்தனை ஆயிரம், எங்களுக்கு எப்படித் தெரியும்? மதினி மட்டும் கணவரின் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னும் ஒரு விரல் குறைக்கச் சொல்லுங்க!"