படையும் பதிவு எண்ணும்

போன மாதம் என் மாமியாரின் கழுத்தில் வட்டமாக ஒரு படை. தோல் மருத்துவரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். உயிர் போகிற அவசரமா என்ன? டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து ஒரு செயலியில் அனுப்பினோம். நாலே நிமிடத்தில் மருந்துச் சீட்டு வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "டாக்டர் நம்பர் எங்கம்மா?"

பேர் இருந்தது, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இல்லை.

தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் இருக்கின்றன. வீடியோ, போன், வாட்ஸ்அப் எதுவானாலும், பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே ஆலோசனை சொல்லலாம். சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்குத் துணை நிற்கலாம். தானே மருந்து எழுதக் கூடாது. நாமும் பேரையும் வயதையும் மறைக்கக் கூடாது. சிறுவர்களுக்கென்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

எல்லா மருந்தையும் இப்படி எழுதிவிட முடியாது. சிலவற்றை முதல் தடவை எழுத வீடியோவில் பார்த்தாக வேண்டும். கடும் கட்டுப்பாட்டில் உள்ள ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளுக்கு அனுமதியே இல்லை. "நேரில் வந்து காட்டுகிறேன்" என்று நோயாளி சொன்ன பிறகும் ஆன்லைன்தான் என்று மருத்துவர் பிடிவாதம் பிடித்தால் அது நடத்தை விதிமீறல். நாம் அனுப்பிய படத்தைத் தவறாகப் பயன்படுத்துவதும் அப்படியே. பலருக்கு இது தெரிவதில்லை, செயலிகளும் சொல்வதில்லை.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி இருக்கிறது. தமிழ்நாட்டில் 104-க்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் இழுப்பது என்றால் செயலியைத் திறக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். இணையத்தில் தேடி எடுத்த மருத்துவமனை எண்ணில் பேசுகிறவர், "டோக்கனுக்குப் பத்து ரூபாய், இந்த லிங்க்கை அழுத்துங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

தவறு நடந்தால் கையில் ஆதாரம் வேண்டும்: சீட்டு, ரசீது, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை அவர் பதிவு செய்திருக்கும் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் கேளுங்கள்.

செயலி அனுப்பிய சீட்டில் இருந்த க்ரீமை நாங்கள் வாங்கவில்லை. பதிவு எண் போட்டிருந்த வேறொரு மருத்துவரிடம் வீடியோவில் பேசினோம். ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னார். அளவு தெரிய, படைக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துக் காட்டச் சொன்னார். பிறகு, "இதுக்கு முன்னாடி ஏதாவது தடவுனீங்களாம்மா?" என்றார்.

மாமியார் என்னைப் பார்த்தார். எழுந்து போய், அலமாரியில் புடவைக்கு அடியிலிருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஸ்டீராய்டு க்ரீம் ட்யூபை எடுத்து வந்தார். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.