எலி மூளைக்கு முயல் எதற்கு?

நரம்பு முனையில் உள்ள நுண்பைகள் செல் சவ்வோடு இணைந்து திறந்தால்தான் அடுத்த செல்லுக்குச் சேதி போகும். அதை நடத்தும் புரதங்களில் ஒன்று வேம்ப்-2. டெட்டனஸ் நச்சு வெட்டுவது இதைத்தான்.

எலி மூளைச் சீவலில் இந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? இதைப் பிடிக்கும் ஆன்டிபாடியை முதலில் இடுவார்கள். பிறகு அந்த ஆன்டிபாடியைப் பிடிக்கும், ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி. முதலாவது எலியினுடையது என்றால், இரண்டாவது அந்தச் சீவலிலேயே இருக்கும் எலி ஆன்டிபாடிகளையும் பிடித்து, வேண்டாத இடத்திலும் ஒளிரும். முயலினுடையது என்றால் இந்தக் குழப்பம் இல்லை.

சரி, முயல் ஆன்டிபாடியிலும் ‘மோனோகுளோனல்’ என்ற வகை ஏன்? முயலின் ரத்தத்தில் ஒரே புரதத்துக்குப் பலவகை ஆன்டிபாடிகள் இருக்கும். முயலுக்கு முயல் கலவை மாறும். மோனோகுளோனலோ, ஆன்டிபாடி செய்யும் ஒரே பி செல்லின் வாரிசுகள் தருவது; எல்லாம் ஒரே அச்சு. இதைச் செய்ய 1975-இல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் எலி செல்களில் காட்டிய வழி, 1995-இல் முயலுக்கும் கைகூடியது.